டேங்க் மேலே கொடி, உள்ளே பணம்

மோட்டார் சைக்கிள் பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஞாயிறு விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டிப் போகிறவர்கள், லடாக்குக்காக வருஷம் முழுக்க லீவு சேர்த்து வைக்கிறவர்கள், கொல்லிமலை வளைவுகளை நம்பர் சொல்லியே பேசுகிறவர்கள், எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருடைய டி-ஷர்ட்டில் அந்த வண்டி இருக்கிறது. முன்னால் ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க், நட்சத்திரமும் கோடும் வரைந்த டேங்க், கறுப்புக் கண்ணாடி போட்ட பீட்டர் ஃபாண்டா. 1969இல் வந்த ‘ஈஸி ரைடர்’.

படம் பார்த்தாயிற்றா என்று கேட்டால் பெரும்பாலோர் “பாட்டு பார்த்திருக்கேன் சார்” என்கிறீர்கள். ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் ‘பார்ன் டு பி வைல்ட்’. இரண்டு பேர், இரண்டு சாப்பர், சுற்றிலும் வெட்டவெளி. உங்கள் ரீல்ஸுக்குப் பின்னால் ஓடுகிற அதே பாட்டு. நானும் அறுபதை நெருங்குகிற வயதில் இப்போதுதான் முழுப் படத்தையும் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த சூடு ஆறுவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அது உங்கள் பயணத்துக்கான விளம்பரப் படம் இல்லை. விடுதலை கிடைத்துவிட்டது என்று நம்பிக் கிளம்பிய இரண்டு பேர் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சாத படம்.

முடிவையும் சொல்லப்போகிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன படத்துக்கு ரகசியம் காக்க என்னால் ஆகாது.

அந்தப் பாட்டுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை யாரும் வெட்டி எடுத்துப் போடுவதில்லை. வயாட் (ஃபாண்டா), பில்லி என்ற இருவர் மெக்ஸிகோவில் கொக்கைன் வாங்குகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டி, விமானங்கள் தலையைத் தொடுகிற மாதிரி இறங்கிக்கொண்டிருக்க, ரோல்ஸ் ராய்ஸில் வந்த ஓர் ஆளிடம் விற்கிறார்கள். அந்த ஆளாக வருபவர் பில் ஸ்பெக்டர், அன்றைக்குப் பெரிய இசைத் தயாரிப்பாளர். (பிற்காலத்தில் கொலைக் குற்றத்துக்காக உள்ளே போனார், 2021இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார். அது வேறு கதை.) வந்த நோட்டுகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் திணிக்கிறான் வயாட். குழாயை வண்டியின் டேங்குக்குள் இறக்குகிறான். பின்னணியில் அதே ஸ்டெப்பன்வுல்ஃபின் வேறொரு பாட்டு. போதைப்பொருள் விற்கிறவனைச் சபிக்கிற பாட்டு. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஒருமுறை பார்த்து, மண்ணில் எறிகிறான். அதற்கப்புறம்தான் உங்கள் பாட்டு தொடங்குகிறது.

ஆக, டேங்க் மேலே அமெரிக்கக் கொடி, உள்ளே பெட்ரோலோடு சேர்ந்து போதைப்பொருள் விற்ற காசு. அந்தக் காசு இருக்கிற தெம்பில்தான் கடிகாரத்தை எறிய முடிகிறது. படத்தை இயக்கி, பில்லியாகவும் நடித்த டென்னிஸ் ஹாப்பர் இதை ஒரு வசனத்தில்கூட விளக்கவில்லை. பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நாமோ அதை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பெயர்களையும் கவனியுங்கள். வயாட் ஏர்ப், பில்லி தி கிட். பழைய மேற்கத்திய எல்லைப்புறத்தில் ஒருவர் சட்டத்தின் ஆள், இன்னொருவன் தேடப்பட்ட கொலைகாரன். பீட்டர் ஃபாண்டாவின் அப்பா ஹென்றி ஃபாண்டா 1946இல் ஜான் ஃபோர்டின் ‘மை டார்லிங் கிளெமன்டைன்’ படத்தில் அதே வயாட் ஏர்ப்பாக நடித்தவர். அந்தப் படத்தை ஃபோர்டு எடுத்த மான்யுமென்ட் வேலி வழியாகத்தான் இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து மகன் வண்டியில் போகிறார். ஆனால் திசை தலைகீழ். கௌபாய் கதைகளில் எல்லோரும் மேற்கே போவார்கள். நிலமும் பொன்னும் புது வாழ்வும் அந்தப் பக்கம். இவர்கள் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே, நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழாவைப் பார்க்க வருகிறார்கள். போய்ச் சேர்ந்து பிடிக்க இனி இடமில்லாத நாட்டில், வந்த வழியே திரும்புகிற கௌபாய்கள்.

அதற்காக, பயணக் காட்சிகளை நீங்கள் ரசிப்பதில் பிசகில்லை. எனக்கே ஒரு கணம் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஒளிப்பதிவு லாஸ்லோ கோவாக்ஸ். ஹங்கேரிக்காரர். 1956இல் புடாபெஸ்டில் சோவியத் டாங்குகள் நுழைந்தபோது நண்பர் வில்மோஸ் ஸிக்மண்டோடு தெருவில் நின்று படம்பிடித்து, ஃபிலிம் சுருள்களை எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டு வந்தவர். அந்த ஆள்தான் அமெரிக்கச் சாலைகளை இவ்வளவு ஆசையோடு எடுத்திருக்கிறார். சூரியன் நேரே லென்ஸில் அடித்து, வட்ட வட்டமாக ஒளி சிதறுகிறது. அதுவரை ஸ்டுடியோக்காரர்கள் பழுது என்று ஒதுக்கிய ஒளி அது. இவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். இன்றைக்கு உங்கள் மொபைல் செயலிகளில் அதற்கு ஒரு பட்டனே இருக்கிறது.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த காட்சி வேறு. வண்டி பஞ்சர். ஒரு பண்ணைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பண்ணைக்காரர் குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்து லாடம் அடித்துக்கொண்டிருக்கிறார். அதே சட்டகத்துக்குள், கொஞ்சம் தள்ளி, இவர்கள் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். யாரும் யாரையும் ஏளனமாகப் பார்க்கவில்லை. பிறகு வெளியே நீள மேஜை போட்டுச் சாப்பாடு. மனைவி, வரிசையாகப் பிள்ளைகள். ஜெபம் சொல்லும்முன் பில்லியிடம் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார் பண்ணைக்காரர், கழற்றுகிறான். சொந்த நிலத்தில் விளைந்ததைத் தின்று, யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழ்கிறவர் என்று வயாட் அவரை மனசாரப் பாராட்டுகிறான். இந்தப் படத்தில் உண்மையாகவே விடுதலையாக இருக்கிற ஒரே ஆள், எங்கேயும் போகாத இந்த மனிதர்தான் என்பது என் எண்ணம். வயாட்டுக்கும் அது தெரிந்துவிட்டது என்று ஃபாண்டாவின் முகம் சொல்கிறது. தெரிந்தும் பஞ்சர் ஒட்டியதும் கிளம்பிவிடுகிறான்.

அடுத்து நியூ மெக்ஸிகோ மலையில் ஹிப்பிகளின் கம்யூன். நகரத்திலிருந்து வந்த பிள்ளைகள், வறண்ட மண்ணில் வெறுங்காலோடு விதை தூவுகிறார்கள். வட்டமாக நின்று ஜெபம் செய்யும்போது கேமரா ஒவ்வொரு முகமாக ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிறது. இவர்கள் பிழைத்துவிடுவார்கள் என்கிறான் வயாட். அந்த மண்ணைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கம்யூனிலும் சரி, படம் முழுக்கவும் சரி, பெண்களுக்குக் கிடைத்த இடம் சமைக்க, குளத்தில் குளிக்க, அல்லது நியூ ஆர்லியன்ஸ் விபச்சார விடுதியில் காத்திருக்க. வண்டியின் ஹேண்டில்பாரைத் தொடுகிற பெண் ஒருத்திகூட இல்லை. கரென் பிளாக் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு இப்படி வீணடித்ததற்கு மன்னிப்பே கிடையாது.

ஓர் ஊரில் அனுமதியில்லாமல் ஊர்வலத்துக்குள் வண்டி ஓட்டியதற்காக இருவரையும் லாக்கப்பில் போடுகிறார்கள். அங்கே குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார் ஜார்ஜ் ஹான்சன் என்ற வக்கீல், ஜாக் நிக்கல்சன். வேறொரு நடிகருக்கு வைத்திருந்த பாத்திரம் கைமாறி இவருக்கு வந்தது. வந்ததும் படமே இவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆஸ்கருக்குப் பெயரும் போனது. பழைய அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு வயாட்டின் பின்சீட்டில் ஏறுகிறார். உங்களிடம் ஹெல்மெட் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பீர்கள், அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது லூசியானாவில் மார்கன்ஸா என்ற சின்ன ஊரின் சாப்பாட்டுக் கடை. இதற்காகத்தான் இந்த மடலே. மூன்று பேரும் உள்ளே போய் உட்காருகிறார்கள். ஒரு மேஜையில் பள்ளிக்கூட வயதுப் பெண்கள். கிசுகிசுத்துச் சிரிக்கிறார்கள், வண்டியில் ஒரு ரவுண்டு கூட்டிப்போவார்களா என்று அவர்களுக்கு ஆசை. எதிர் மேஜையில் ஊர் ஆண்கள், போலீஸ் அதிகாரி ஒருவரும் சேர்த்து. நீள முடியைப் பற்றி, இவர்கள் ஆணா பெண்ணா என்பதைப் பற்றி, இந்த ஊர் எல்லையைத் தாண்டுவார்களா என்பதைப் பற்றிச் சத்தமாகவே பேசிக்கொள்கிறார்கள். சாப்பாடு வரவில்லை. ஆர்டர் எடுக்கவே ஆள் வரவில்லை. மூவரும் எழுந்து வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான். ஒரு கை ஓங்கவில்லை, ஒரு நாற்காலி விழவில்லை. எத்தனையோ சண்டைப் படம் பார்த்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது இந்தக் காட்சியில்தான்.

அந்த ஆண்கள் நடிகர்கள் இல்லை, அந்த ஊர்க்காரர்களேதான். அவர்கள் முகத்தில் வெறுப்பை வரவழைக்க ஹாப்பர் செய்த காரியம் பலரும் சொல்லி வழங்குகிற கதை: இந்த மூவரும் ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பெண்ணைச் சீரழித்துக் கொன்றவர்கள், அவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள் என்று சொல்லிவிட்டாராம். வேலை நடந்தது. ஆனால் அந்த ஊருக்கு அது நியாயமா? அப்படி ஒரு பழியைக் கேட்டால் எந்த ஊரில்தான் முகம் கடுக்காது? தெற்கு மாநில ஆண்கள் என்றால் இப்படித்தான் என்று உலகமே இந்தப் படத்தைக் காட்டிச் சொன்னது. சொன்னதற்குப் பின்னால் இப்படி ஒரு தந்திரமும் இருந்தது. அதே சமயம், அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பதையும் மறக்க முடியாது. மார்டி கிரா காட்சிகளை 1968 பிப்ரவரியில் எடுத்தார்கள். ஏப்ரலில் மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள், ஜூனில் ராபர்ட் கென்னடியை. துப்பாக்கி எதற்காக வேண்டுமானாலும் வெடிக்கும் என்பது கற்பனை இல்லை.

அன்று ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்திருக்கும்போது ஜார்ஜ் ஒரு விஷயம் சொல்கிறார். அவர்கள் உங்களைக் கண்டு பயப்படவில்லை, நீங்கள் எதைக் காட்டுகிறீர்களோ அதைக் கண்டு பயப்படுகிறார்கள். சுதந்திரத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள்; சுதந்திரமாக ஒருத்தன் நேரில் வந்து நின்றால் தாங்க மாட்டார்கள், கிலி பிடித்த மனுஷன் ஆபத்தானவன். ஏறக்குறைய இதுதான் பேச்சு. எல்லோரும் தூங்கியதும் இருட்டில் வந்து அடிக்கிறார்கள். வயாட்டும் பில்லியும் காயத்தோடு எழுகிறார்கள். ஜார்ஜ் எழவில்லை. இதைச் சொன்ன ஜார்ஜுக்குச் சொந்த ஊரில் வேலை உண்டு, அப்பாவுக்குச் செல்வாக்கு உண்டு, முடியும் ஒட்ட வெட்டிய முடிதான். முதலில் செத்தது அவர்.

பிறகு நியூ ஆர்லியன்ஸில் வருகிற கல்லறைத் தோட்டக் காட்சியை மேதைமை என்பார்கள். இவர்கள் இருவரும் விடுதிப் பெண்கள் இருவருமாக எல்.எஸ்.டி. போட்டுக்கொண்ட நான்கு பேர், 16 எம்எம் கேமராவின் ஆட்டம், அழுகை, ஜெபம், மழை. எனக்கு அதில் பாதி அலுப்பு. ஆனால் ஃபாண்டா ஒரு சிலையைக் கட்டிக்கொண்டு அம்மாவைத் திட்டி அழுகிற இடம் அப்படியில்லை. அவர் பத்து வயதுப் பையனாக இருந்தபோது, 1950இல், அவருடைய அம்மா தற்கொலை செய்துகொண்டார். அந்த அம்மாவிடம் பேசு என்று ஹாப்பர் வற்புறுத்தினார். ஃபாண்டாவுக்கு அதில் விருப்பமில்லை. நண்பனின் புண்ணைக் கீறிக் காட்சி வாங்கலாமா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. காட்சியில் நடிப்பு என்று எதுவும் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

கடைசி ராத்திரி பில்லிக்கு ஒரே குஷி. சாதித்துவிட்டோம், பணக்காரர்களாகிவிட்டோம், ஃபுளோரிடாவில் போய் ஓய்வாக உட்காரலாம் என்கிறான். வயாட் ஒரே வாக்கியம்தான் சொல்கிறான்: கோட்டை விட்டுட்டோம். பில்லிக்குப் புரியவில்லை. வயாட் விளக்கவும் இல்லை, தூங்கப் போய்விடுகிறான்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனையோ பேர் எத்தனையோ உரை எழுதிவிட்டார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பில்லி சொல்வது வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிற ஒரு குமாஸ்தாவின் கனவு. ஒரே அடியில் பெரிய காசு, பிறகு வெயில் காய்தல். எந்த வாழ்க்கை வேண்டாமென்று கிளம்பினார்களோ, அதையே டேங்குக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். பண்ணையில் நின்றிருக்கலாம், கம்யூனில் நின்றிருக்கலாம், ஜார்ஜ் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். எங்கேயும் நிற்காமல் திருவிழாவுக்கு ஓடினார்கள். திருவிழாவும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை, லூசியானாச் சாலையில் ஒரு பிக்கப் லாரி. அதில் இரண்டு பேர். பயமுறுத்துவோம் என்று துப்பாக்கியை நீட்டுகிறான் ஒருத்தன். பில்லி கையைக் காட்டித் திட்டுகிறான். வெடி. வயாட் தன் கொடி போட்ட ஜாக்கெட்டைப் பில்லி மேல் போர்த்திவிட்டு உதவிக்கு ஆள் தேடி ஓட்டுகிறான். லாரி திரும்பி வருகிறது. வண்டி காற்றில் பறந்து, விழுந்து, எரிகிறது. கொடியும் எரிகிறது, டேங்குக்குள் இருந்த பணமும் எரிகிறது. ஏன் சுட்டார்கள் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. காரணம் வைக்காததுதான் படத்தின் நேர்மை.

எரிந்த வண்டியைப் பற்றி ஒரு கதை உண்டு. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் ஹார்லி டேவிட்சன்களை வெட்டி ஒட்டி, பின்பக்க ஷாக் அப்சார்பரே இல்லாத ஃபிரேம் வைத்து, இந்த உருவத்துக்குக் கொண்டு வந்தவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கருப்பினத்தவர்கள். ஹார்டிக்குத் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒர்க்‌ஷாப். வாஸ் வெறும் மோட்டார் சைக்கிள் ஆள் இல்லை. மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் புகைப்படக்காரராகத் தெற்கு மாநிலங்களில் சிவில் உரிமைப் போராட்டங்களில் நின்றவர். அங்கே சாப்பர் ஓட்டிக்கொண்டு போனவரும்கூட. ஒரு சாப்பரைப் பார்த்து வெறுக்கிற ஊரில், அதன்மேல் ஒரு கருப்பர் உட்கார்ந்து வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு உடம்பால் தெரியும். அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. படத்தின் டைட்டிலில் இருவர் பெயரும் இல்லை. லூசியானாக் காட்சிகளில் குடிசைகளுக்கு முன்னால் நிற்கிற கருப்பின மக்கள் சாலையோரத்தில் நகர்ந்து மறைகிறார்கள், பின்னணியில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் மட்டும் முழங்குகிறது.

நான்கு லட்சம் டாலருக்குள் எடுத்த படம் கோடிகளில் சம்பாதித்தது. கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான பரிசு வந்தது. படத்துக்காகக் கட்டியதில் மிச்சமிருந்த வண்டிகள் படம் முடிவதற்குள் திருடு போய்விட்டன. எரிந்ததன் மிச்சத்திலிருந்து மீட்டுக் கட்டியது என்று சொல்லப்பட்ட வண்டியொன்றுக்கு 2014இல் ஏலத்தில் 13.5 லட்சம் டாலர் கேட்டார்கள், அது அசல்தானா என்று சண்டையும் நடந்தது. ஹார்டி அதற்கு இருபது வருஷம் முன்பே இறந்துவிட்டார். வாஸ் 2016இல் போனார். கடைசிக் காலத்தில்தான் பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். டி-ஷர்ட் அடிக்கும்போது அந்த வண்டியின் கீழே ஒரு வரி சேருங்கள்: கட்டியவர்கள் பென் ஹார்டி, கிளிஃப் வாஸ். உங்கள் வண்டிக்கு சைலன்சர் மாற்றித் தருகிற மெக்கானிக்கின் பெயரை ரீல்ஸில் போடாதவர்கள் இதிலிருந்தாவது தொடங்கலாம்.

இன்னொன்று, படம் 95 நிமிஷம்தான். அடுத்த பயணத்துக்கு முந்தின ராத்திரி எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். மார்கன்ஸா கடை வரைக்குமாவது பொறுத்திருங்கள், அதற்கப்புறம் நீங்களே நிறுத்த மாட்டீர்கள். பார்த்துவிட்டு, பண்ணைக்காரரைப் பற்றி நான் சொன்னது சுத்த அபத்தம் என்று தோன்றினால் சண்டைக்கு வாருங்கள். டீ என் செலவு.

அன்புடன்,
பின்சீட்டிலேயே உட்கார்ந்து பழகிய ஓர் அண்ணன்